மாதம் ஆயிரமா, கல்விக்கடனா?

மகனுக்கு வங்கிக் கடன், மகளுக்கு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாநில அரசு தரும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய். இரண்டும் எங்கள் வீட்டில் ஓடுவதால், மேடையில் ஒருவர் 'இலவசம்' என்று திட்டும்போதும் இன்னொருவர் 'கடன் ரத்து' என்று முழங்கும்போதும் காது தானாகத் திரும்புகிறது.

தொகையில் போட்டியே இல்லை. பொறியியல் படிப்புக்கு ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு?

ஆனால் படிப்பு முடிந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டு வாங்குகிறோம். 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்புக்குப் பிந்தைய ஓராண்டு அவகாசம் தீரும்போது வட்டி மட்டும் 1.4 லட்சம் ஏறியிருக்கும். தவணையே 5.4 லட்சத்தில்தான் தொடங்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தரச்சான்று பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால் படிப்பும் அவகாசமும் சேர்ந்த காலத்துக்கான வட்டியை மத்திய அரசு ஏற்கும். வருமானம் ஐந்து லட்சம் என்றால் அதுவும் இல்லை. தவணை தவறினால் மகனோடு சேர்த்து, கூடக் கையெழுத்துப் போட்ட என் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் எண்) சரியும்.

இதில் அரசியல் வேறு. 2021 தேர்தல் அறிக்கையில் திமுக கல்விக்கடன் ரத்து என்றது. கொடுத்தது வங்கி, ரத்து என்றால் மாநில அரசு அந்தப் பணத்தை வங்கிக்குக் கட்ட வேண்டும். அதை நம்பித் தவணையை நிறுத்தியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வட்டி நிற்கவில்லை.

மாதம் ஆயிரத்தில் இந்தத் தொல்லை கிடையாது. பணம் மகளின் கணக்குக்கே போகிறது. தேர்வுக் கட்டணம், நோட்டு, செல்போன் ரீசார்ஜ் எதற்கும் என்னிடம் கேட்பதில்லை. 2022இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். தாலிக்குத் தங்கத்தை நிறுத்துவதா என்று அதிமுக கொதித்தது. கல்யாணத்தன்று வரும் ஒரு பவுனைவிட, படிக்கும்போது கைக்கு வரும் ஆயிரத்துக்கே என் ஓட்டு.

குறையும் உண்டு. மெட்ரிக் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைக்கு இது கிடையாது. 2024இல் ஆண்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அதே கதைதான்.

8 லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டிச் சலுகை தரும் பிரதமர் வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக்கடன் திட்டத்தில் நாங்கள் போனதில்லை. அது தரவரிசையில் முன்னே நிற்கும் கல்லூரிகளுக்குத்தான். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால், கடன் விண்ணப்பத்தைத் தொடும் முன் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைக்குமா என்று பாருங்கள். அதில் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது.