சிஎன்ஜி எர்டிகாவில் தமிழ்நாட்டுச் சுற்று: கேஎல்-லிருந்து போகிறவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ பறந்து போய், அங்கே வண்டி பிடித்துக் கோயில் சுற்றும் குடும்பங்களுக்கு ட்ராவல்ஸ்காரர்கள் அடிக்கடி அனுப்பும் வண்டி மாருதி சுசுகி எர்டிகா சிஎன்ஜி, அதாவது அழுத்தி நிரப்பிய இயற்கை எரிவாயுவில் ஓடும் எர்டிகா. நாலு பேருக்கு இது நல்ல வண்டி. "செவன் சீட்டர்" என்ற சொல்லை நம்பி ஏழு பேரும் ஏழு பெட்டியுமாகப் போய் இறங்கினால், விமான நிலைய வாசலிலேயே சிக்கல் தொடங்கிவிடும்.

காரணம் சிலிண்டர். 60 லிட்டர் கொள்ளளவுள்ள இரும்புச் சிலிண்டர் மூன்றாவது வரிசைக்குப் பின்னால், பூட்டில் (டிக்கியில்) குறுக்காகப் படுத்திருக்கிறது. பெட்ரோல் எர்டிகாவிலேயே மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் பூட் 209 லிட்டர்தான். சிஎன்ஜி-யில் அதுவும் போய், சிலிண்டருக்கு மேலே இரண்டு தோள்பை வைக்கும் இடம்தான் மிச்சம். நம் ஊரில் புரோட்டோன் சாகா, எக்ஸோரா என்ஜிவி (இதே கேஸில் ஓடும்) டாக்சிகளில் பெட்டி ஏற்றியவர்களுக்கு இந்தச் சங்கடம் பழக்கமானது. பெட்ரோனாஸ் நிலையங்களில் என்ஜிவி விற்பனை 2025 ஜூலை 1-உடன் நின்றுவிட்டதால், இளையவர்கள் பலருக்கு இது தெரியாது. 2016-இல் இங்கே புரோட்டோன் எர்டிகா என்று வந்த வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டும் கணக்குப் போடாதீர்கள். அது முந்தைய தலைமுறை, 1.4 லிட்டர் பெட்ரோல், பூட்டில் சிலிண்டர் கிடையாது.

மூன்றாவது வரிசையை முழுக்க மடக்கிவிட்டால் பெரிய பெட்டி மூன்று, கைப்பெட்டி இரண்டு வசதியாக ஏறும். அப்போது டிரைவரைத் தவிர நாலு பேர் உட்காரலாம். பதிவு செய்யும்போதே, "அண்ணே, டிக்கியில சிலிண்டர் இருக்கா? கூரையில கேரியர் இருக்கா?" என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். கேரியர் இருந்தால் தார்ப்பாயும் கயிறும் இருக்கின்றனவா என்பதையும் கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணிப்பெட்டி ஊறிவிடும்.

அடுத்தது தூரம். சிலிண்டரில் கேஸ் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது. அந்த அழுத்தம் சரியாகக் கிடைத்தால் 9 கிலோவுக்குக் குறையாமல் பிடிக்கும். நடைமுறையில் 7, 8 கிலோவோடு பம்ப் நின்றுவிடுவது சாதாரணம். இதற்கு இரண்டு காரணங்கள். வேகமாக நிரப்பும்போது கேஸ் சூடாகி விரிவடைகிறது. அழுத்தம் எகிறிவிடுவதால் எடை குறைவாகவே ஏறுகிறது. சித்திரை வெயிலில், நடுப்பகலில் இது இன்னும் மோசம். இரண்டாவது, ஊர்ப்புறத்து நிலையங்கள் பலவற்றுக்குக் குழாய் இணைப்பு கிடையாது. லாரியில் அடுக்கி வரும் சிலிண்டர்களிலிருந்துதான் வண்டிக்கு ஏற்றுகிறார்கள். லாரி காலியாகக் காலியாக அழுத்தம் இறங்கும். ஆகவே நிலையத்துக்குள் நுழைந்ததும் டிரைவரை "பிரஷர் எவ்வளவு?" என்று விசாரிக்கச் சொல்லுங்கள். 150 பார் என்றால், வரிசையில் நிற்பதைவிட அடுத்த நிலையத்துக்குப் போவதே மேல்.

மைலேஜ் என்று நிறுவனம் சொல்வது கிலோவுக்கு 26.11 கிலோமீட்டர். ஆட்கள், பெட்டிகள், ஏர்கான் எல்லாவற்றோடும் நெடுஞ்சாலையில் ஓடும்போது 20 என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. 8 கிலோவுக்கு 160 கிலோமீட்டர் வரும். திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் போவதற்கு ஒரு நிரப்பு தாராளம். மதுரைக்கும் போதும். ராமேஸ்வரம் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். வழியில் ஒருமுறை நிரப்பியே ஆக வேண்டும், இல்லையேல் மிச்சத் தூரத்தைப் பெட்ரோலில் ஓட்ட வேண்டும்.

இங்கேதான் பல வண்டிகள் கோளாறு செய்கின்றன. சிஎன்ஜி வண்டிதானே என்று பெட்ரோல் டேங்கைக் கிட்டத்தட்டக் காலியாகவே வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். மாருதியின் சிஎன்ஜி வண்டி பெட்ரோலில் கிளம்பித்தான் பிறகு கேஸுக்கு மாறும். தொட்டியில் பெட்ரோல் இல்லையென்றால் காலையில் ஸ்டார்ட் ஆவதே பிரச்சினை. பெட்ரோலில் மூழ்கியிருந்து குளிர வேண்டிய பம்பும் சூடேறிக் கெட்டுப்போகும். 45 லிட்டர் டேங்கில் கால் பங்காவது இருக்க வேண்டும் என்பதைக் கிளம்புமுன் கண்டிப்பாகச் சொல்லுங்கள். டாஷ்போர்டில் இரண்டுக்கும் தனித்தனி அளவுகாட்டி உண்டு. ஏறி உட்கார்ந்ததும் எட்டிப் பார்த்துவிடலாம்.

நிரப்பும்போது வண்டியில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது, எல்லாரும் இறங்கிவிட வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டியும் தூங்கும் குழந்தையும் கூட வருகிறார்கள் என்றால் இது சின்ன விஷயம் இல்லை. காலை ஏழு மணிக்கு முன்பே, ஹோட்டலுக்கு வண்டியைக் கொண்டு வருவதற்கு முன், டிரைவர் தனியாகப் போய் நிரப்பிக்கொண்டு வரும்படி முந்தின இரவே பேசி வைப்பதுதான் சரி. ஆட்டோக்களின் வரிசையும் அப்போது குறைவு.

நிரப்பி முடித்து நாசிலைக் கழற்றும்போது 'புஸ்' என்று ஒருமுறை காற்று வருவது இயல்பு. நிரப்பிக்கொண்டிருக்கும்போதே சீறல் நிற்காமல் கேட்டால், இணைப்பிலுள்ள சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். நிறுத்திவிட்டு அதை மாற்றச் சொல்ல வேண்டும். ஓடும்போது வண்டிக்குள் கேஸ் வாடை அடித்தால் கண்ணாடிகளை இறக்கி, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, எல்லாரும் இறங்கிய பிறகு சிலிண்டரின் வால்வைக் கையால் மூடச் சொல்லுங்கள். இந்த கேஸ் காற்றைவிட லேசானது, திறந்த இடத்தில் சீக்கிரம் மேலே கலைந்துவிடும்.

சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) கட்டாயம். தேதி தாண்டிவிட்டால் நிலையத்தில் கேஸ் போட மறுப்பார்கள். அந்தத் தேதித் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல ட்ராவல்ஸ்காரர் உடனே அனுப்புவார்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜின் சக்தி கேஸில் 88 பிஎஸ் (குதிரைத்திறன்), பெட்ரோலில் 100-க்குச் சற்று மேல். சமதரையில் இந்த வித்தியாசம் உறுத்தாது. கொடைக்கானல், ஏற்காடு ஏற்றங்களில் முழு வண்டியோடு இரண்டாம் கியரில் திணறும்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், ஸ்டீயரிங் பக்கத்திலேயே பட்டன் இருக்கிறது. சிஎன்ஜி-யில் ஆட்டோ கியர் கிடையாது. தானே ஓட்ட நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணம் யாருக்கு மிச்சம் என்று பார்த்தால், கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா (தினப்படி) தனி, டோல் தனி என்று பேசும் வாடகையில் எரிபொருள் வண்டிக்காரர் செலவு. சிஎன்ஜி-யால் வரும் லாபம் முழுக்க அவருக்கு. பூட் போவதும் வரிசையில் நிற்பதும் பயணிக்கு. ஆகவே பெட்ரோல் எர்டிகாவின் கட்டணத்தையே கேட்டால் பெட்ரோல் வண்டியையே கேளுங்கள். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயாவது குறைத்தால், நாலு பேருக்குள் என்றால், தாராளமாக எடுக்கலாம். ஆறு, ஏழு பேருக்கு டீசல் இன்னோவாதான். கூடுதல் வாடகை பெட்டிகளுக்கு இன்னொரு டாக்சி பிடிக்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.