ஏலத்தோட்டச் சாலைக்கு எந்த சஸ்பென்ஷன்: இறக்குமதி கிட்டா, ஊர்ப் பட்டறைக் கமான் பட்டையா?

போடிநாயக்கனூரில் குடியிருந்து உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டம் பார்ப்பவர்களின் பிக்கப் வண்டி, ஒரே நாளில் இரண்டு வகைச் சாலைகளுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. கொச்சி – தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85-இல் போடிமெட்டு வரையிலான 17 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலை. பூப்பாறை தாண்டித் தோட்டத்துக்குள் திரும்பியதும் கல் பதித்த ஏற்றமும், மழையில் வழுக்கும் செம்மண்ணும், சக்கரத்துக்குச் சக்கரம் உயரம் மாறும் பாறையும்தான் பாதை. போகும்போது உர மூட்டையும் டீசலும் ஏறும், வரும்போது சில நாள் பச்சைக்காய் மூட்டைகள் நிறைந்திருக்கும், பல நாள் வண்டி காலியாகவே இறங்கும். இந்தக் கடைசி விஷயம்தான், அதாவது லோடு நிலையாக இல்லை என்பதுதான், சஸ்பென்ஷன் தேர்வை உண்மையில் சிக்கலாக்குகிறது.

என்னிடம் இருப்பது இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். முன்னால் இரட்டை விஷ்போன் அமைப்பில் (மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருப்பது) காயில் ஸ்பிரிங், பின்னால் கமான் பட்டை, அதாவது அடுக்கடுக்கான உருக்குப் பட்டை ஸ்பிரிங். பின்பக்கப் பட்டைகள் தொய்ந்து, லோடோடு போகும்போது பம்ப் ஸ்டாப்பில் (அடி தாங்கும் ரப்பர் கட்டையில்) இடிக்கத் தொடங்கிய பிறகு இரண்டு வழிகளை எடைபோட்டேன். ஒன்று, ஆஸ்திரேலிய நிறுவனங்கள் விற்கும் முழு சஸ்பென்ஷன் கிட்: ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது), புஷ் (மூட்டுகளில் உள்ள ரப்பர் உறை), ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சேர்ந்து வருவது. மற்றொன்று, நம் ஊர் ஸ்பிரிங் பட்டறையில் பட்டைகளைச் சீர்செய்து, தேவைக்கு ஒரு பட்டையைக் கூட்டி, ஷாக் அப்சார்பரை மட்டும் தரமானதாக வாங்கிப் பொருத்துவது. நான் இரண்டாவது வழியில் போனேன், தோட்ட வேலைக்கு அதுவே சரி என்றும் கருதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சஸ்பென்ஷனை உயர்த்தினால் சேஸிஸும் பாடியும்தான் உயரும். பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குடம் (இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே. ஆகவே பாறையில் குடம் தட்டுகிறது என்பதற்காக ஸ்பிரிங் மாற்ற நினைப்பவர்கள் முதலில் டயரைப் பார்க்க வேண்டும்.

கிட்டின் தரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஓல்ட் மேன் இமு, அயர்ன்மேன், டஃப் டாக் போன்ற பெயர்களில் வருபவை பல்லாண்டுகளாகக் கடுமையான நிலப்பரப்பில் ஓடி நிரூபிக்கப்பட்டவை. அவற்றின் பெரிய பலம், ஸ்பிரிங்கின் விறைப்பும் ஷாக்கின் அடக்கும் திறனும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவு செய்யப்பட்டவை என்பது. 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை வண்டி உயரும்; சக்கரம் கீழே இறங்கும் தூரமும் கூடும்; கற்களின் மேல் வண்டி குதிக்காமல் படிந்து போகும். அத்தகைய வண்டி ஒன்றைச் சாந்தன்பாறைப் பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்த அளவில், வண்டியின் நடத்தையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அது நான்கைந்து மழைக்காலம் கடந்த பிறகு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு அதில் பழக்கம் கிடையாது.

ஆனால் கிட் வாங்கும்போது விற்பவர் கேட்கும் முதல் கேள்வி, வண்டியில் எப்போதும் எவ்வளவு எடை இருக்கும் என்பதே. அங்கே சொல்லும் பதிலுக்கு ஏற்பத்தான் பட்டையின் விறைப்பைத் தேர்ந்து கொடுப்பார்கள். கூரைக்கூடாரம், இரும்பு பம்பர், தண்ணீர்த் தொட்டி என்று நிரந்தரமாகச் சுமந்து ஊர் சுற்றுபவர்களுக்கு அந்தக் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. காலையில் மூட்டைகளோடு ஏறி மாலையில் காலியாக இறங்கும் வண்டிக்கு அப்படி ஒரு நிலையான எண் கிடையாது. லோடுக்கு ஏற்ற விறைப்பான பட்டையை எடுத்தால், காலி வண்டியின் பின்பகுதி ஈரச் சாலையில் துள்ளும்; போடிமெட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரத்தின் பிடிப்பு குறையும். விறைப்பு கூடிய பட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு: மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் கீழே இறங்க மறுத்து அந்தரத்தில் நிற்கும், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் அந்தச் சக்கரம்தான் சும்மா சுற்றும்.

முன்பக்கத்தில் கிட் கொண்டுவரும் உயரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. வண்டி உயர உயர, டிரைவ் ஷாஃப்டின் சி.வி. மூட்டு (முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மடங்கும் மூட்டு) கூடுதல் கோணத்தில் மடங்கும், மேல் விஷ்போனின் பால் ஜாயின்ட் தன் எல்லையை நெருங்கும், கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும். 50 மில்லிமீட்டருக்குள் நின்றால் பெரும்பாலும் அலைன்மென்ட் செய்து சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் மேல் கையையும் மாற்ற வேண்டிய நிலை வரும்.

இனி நான் தேர்ந்தெடுத்த வழி. கமான் பட்டையைப் பற்றி ஒரே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் பட்டறையில் சரியாகப் பேச முடியும். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 8 மில்லிமீட்டர் பட்டையைப் போட்டால், அந்த ஒரு பட்டையின் விறைப்பு ஏறக்குறைய பாதி அளவு கூடிவிடும். ஆகவே "நல்ல கனமான பட்டையா போட்டுக் குடுங்கண்ணே" என்று கேட்பது சரியான கோரிக்கை அல்ல. மெயின் பட்டைக்கு, அதாவது மேலே உள்ள மிக நீளமான பட்டைக்கு அடுத்ததாக, நீளமான, மெல்லிய ஒரு பட்டையைச் சேர்ப்பதே நம் வேலைக்குப் போதும். குட்டையான, தடித்த பட்டை ஒன்றை அடியில் செருகினால் வண்டி அன்றே உயரும். ஆனால் வளைவு முழுவதும் அந்தப் பட்டை முடியும் இடத்தில் வந்து குவிந்து, மேலே உள்ள பட்டை அங்கேதான் முறியும்.

தொய்ந்த பட்டையை மீண்டும் வளைக்கும் முறையையும் நின்று பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையிலேயே பிரஸ்ஸில் வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தி வளைப்பது ஒரு முறை. கேஸ் நெருப்பில் செந்நிறமாகக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, அப்படியே தரையில் ஆறவிடுவது இன்னொன்று. பின்னதில் உருக்கின் பதம் போய்விடும். பார்வைக்கு அழகாக வளைந்து நிற்கும் பட்டை, லோடு ஏறத் தொடங்கியதும் பழையபடி படுத்துவிடும். காய்ச்சித்தான் ஆக வேண்டும் என்றால், எண்ணெயில் தோய்த்து இறுக்கி, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தும் வசதி அந்தப் பட்டறையில் இருக்க வேண்டும். மெயின் பட்டையே முறிந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ சீர்செய்யும் பேச்சுக்கே இடமில்லை. ஜம்னா ஆட்டோ போன்ற பெரிய உற்பத்தியாளரின் பட்டையாகப் பார்த்துப் புதிதாக வாங்குவதே முறை. தொழிற்சாலைப் பட்டையின் இழுவைப் பக்கத்தை நுண்ணிய உருக்குக் குண்டுகளால் தாக்கி இறுக்கியிருப்பார்கள். அதனால் அது நீண்ட நாள் களைப்படையாமல் உழைக்கும். வெட்டித் துளையிட்ட பட்டறைப் பட்டைக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை, இதைக் கிட்டின் பக்கம் நிற்கும் நேர்மையான வாதமாகவே ஏற்றுக்கொள்கிறேன்.

அப்படியிருந்தும் ஊர்ப் பட்டறையின் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் பராமரிப்பு. தோட்டச் சாலையில் பட்டை முறியும் என்பது உறுதி. எந்த நிறுவனத்தின் பட்டையாக இருந்தாலும் கல்லும் களிமண்ணும் லோடும் சேர்ந்து ஒருநாள் முறிக்கும். முறிந்த பிறகு வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் விவசாயிக்குக் கேள்வி. ஏலக்காய் பறிப்பில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே நாற்பது நாளை ஒட்டிய இடைவெளி இருந்தாலும், காய் எடுக்கத் தொடங்கிவிட்டால் பறித்த காயை அன்றன்றே ஸ்டோருக்குக் கொண்டுபோய் உலர்த்தியாக வேண்டும். அந்த வாரத்தில் கிட்டின் பட்டை ஒன்று முறிந்தால், தனிப் பட்டை கையிருப்பில் உள்ளதா, முழுத் தொகுப்பாகத்தான் கொடுப்பார்களா, பெருநகரத்திலிருந்து எப்போது வந்து சேரும் என்று தொலைபேசியில் காத்திருக்க நேரிடும். பட்டறைப் பட்டையோ, போடியிலும் கம்பத்திலும் நெடுங்கண்டத்திலும் அளவு சொன்னால் எடுத்துத் தருகிற சரக்கு. பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றி, முறிந்ததை உருவி, புதியதைச் செருகி, பட்டைகளை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டைப் புதிதாகப் பூட்டி, வேலை நெருக்கடி இல்லாத நாளில் மாலைக்குள் வண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய மகிந்திரா ஜீப்புகளைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். அந்தக் கற்பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கிப் பிழைப்பவர்கள் இன்றும் கமான் பட்டையை நம்பித்தான் வண்டி ஓட்டுகிறார்கள். அந்த ஜீப்பின் கீழே உள்ள எதையும் சாந்தன்பாறையிலோ போடியிலோ பிரித்து மாட்ட முடியும் என்பது அவர்களுக்கு வருமானத்தைக் காக்கும் விஷயம்.

மிச்சமான பணத்தை ஷாக் அப்சார்பரில் போட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் ஊர்ப் பட்டறையால் செய்ய முடியாத ஒரே பொருள் அதுதான். இதிலும் விலை கூடியதுதான் நமக்கு ஏற்றது என்பதில்லை. ஒற்றைக் குழாய் ஷாக், தனி எண்ணெய்க் கலனோடு வருவது, சூட்டை விரைவாக வெளியேற்றும். வேகமாக நெடுந்தூரம் மண் சாலையில் ஓடுபவர்களுக்கு அது பெரிய உதவி. தோட்டத்துக்குள் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து போகும் வண்டியில் எண்ணெய் அந்த அளவுக்குக் காய்வதில்லை. மாறாக, கல் தெறித்து ஒற்றைக் குழாயில் பள்ளம் விழுந்தால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய் ஷாக்கில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாய் பிழைத்துக்கொள்ளும். எனவே தடித்த உடலும் தடித்த தண்டும் கொண்ட இரட்டைக் குழாய் வகையையே வாங்கினேன். அதிலும் வாயுவுக்குப் பதில் நுரைப்பஞ்சு வைத்த வகை உண்டு. எண்ணெயில் காற்றுக் குமிழ் கலந்து ஷாக் தளர்வதை அது தடுக்கிறது. ஆக, ஷாக்கைப் பொறுத்தவரை கிட் கம்பெனிகளின் பொருளையே தனியாக வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வண்டியின் உயரம் மாறினால் ஷாக்கின் நீளமும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

காற்றுப்பை வைத்து லோடைத் தாங்கும் முறையை நான் பயன்படுத்தியதில்லை. லோடு ஏறி இறங்கும் வண்டிக்கு, காற்றைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சேஸிஸின் ஒரே இடத்தில் பாரம் குவிகிறது என்ற அச்சமும், முள்ளும் கல்லும் உள்ள பாதையில் ரப்பர் பை எத்தனை காலம் என்ற கேள்வியும் என்னைத் தடுத்தன. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவதை ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இழுவையில் பட்டை முறுக்கிக்கொள்ளும், யூ போல்ட் தளரும்.

எல்லை தாண்டிப் போகும் நமக்குச் சட்டமும் ஒரு காரணி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 182ஏ பிரிவில் இடமிருக்கிறது. தேய்ந்த பட்டையைப் பழைய அளவுக்கு மீட்பதும், பெரிய டயரோடு வண்டியைக் கண்ணுக்குத் தெரிய உயர்த்துவதும் சோதனைச் சாவடியில் ஒன்றாகப் பார்க்கப்படுவதில்லை. எதுவானாலும் செய்யும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுவது நல்லது. பட்டை கூட்டியதால் ஆர்.சி.யில் உள்ள எடை வரம்பு உயர்ந்துவிடாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை நடக்கும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பழைய யூ போல்ட்டை மறுபடி பூட்டவிடக் கூடாது, ஒருமுறை இழுபட்டது மீண்டும் இறுக்கத்தைத் தாங்காது. ஷேக்கிள் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே உட்கார்ந்து சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் புஷ் வலுவானதுதான். ஆனால் களிமண் புகுந்தால் கிறீச்சிடும், அவ்வப்போது கழற்றி உரிய கிரீஸ் வைக்க வேண்டும், ஆகவே நான் ரப்பரோடு நின்றுவிட்டேன். பின்பக்க பிரேக் அழுத்தத்தை லோடுக்கு ஏற்ப மாற்றும் வால்வு உள்ள வண்டிகளில், பின்பகுதி உயர்ந்தால் வண்டி காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு அந்த வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதன் கம்பியை மறுபடி சரிசெய்யாமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்கவே கூடாது.

முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். மழைக்காலத்தில் பட்டைகளுக்கு இடையில் அடைந்த களிமண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, காய்ந்த பிறகு டார்ச் அடித்து யூ போல்ட்டின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே பட்டையின் குறுக்கே மயிரிழை போலச் செந்துருக் கோடு ஒன்று தெரிந்தால், துடைத்துவிட்டு விரல் நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் அது விரிசல். அன்றைக்கு லோடு ஏற்றாமல் பட்டறைக்குப் போய்விடுங்கள். பழைய என்ஜின் ஆயிலைப் பட்டைகளின் மேல் அடிக்கும் வழக்கம் நம் பக்கம் அதிகம். அது ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், புழுதியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.