ஃபுல்டனை மாற்றலாமா? கடைசி ஐந்து நிமிடத்தால் நொந்துபோன ரசிகனின் அனுபவம்

ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையில் நம் பையன்கள் சென்னையில் வெண்கலம் வாங்கிய 2025 டிசம்பர் 10-ம் தேதி ராத்திரியே அரியலூர் நண்பன் போன் போட்டுவிட்டான். "மாப்ள, பேசாம ஸ்ரீஜேஷையே பெரிய டீமுக்கும் கோச்சா போட்டுட்டா என்ன? இந்த ஃபுல்டன வெச்சுக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கு மாரடிக்கிறது?" ஸ்ரீஜேஷ் நம் பழைய கோல்கீப்பர், அந்த ஜூனியர் அணிக்குக் கோச்சாக இருந்தவர். நண்பன் கேட்டதில் பாதி நியாயம். மீதிப் பாதி, அவன் ஊர் ஆட்டக்காரன் கார்த்தி செல்வம் மேல் உள்ள பாசம். அதற்கு அப்புறம் வருகிறேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதிவிடுகிறேன்.

இந்திய ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராகக் கிரெய்க் ஃபுல்டன் 2023-ல் வந்தார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2025 செப்டம்பரில் ராஜ்கீரில் கொரியாவை 4-1 என்று அடித்து ஆசியக் கோப்பை, கூடவே உலகக் கோப்பைக்கு நேரடி இடம். ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். பட்டியலை மட்டும் பார்த்தால் மாற்றலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நான் பார்ப்பது மேட்ச். அதில் ஐம்பத்தைந்தாவது நிமிடம் தாண்டியதும் வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கிறதே, இத்தனை நாள் பார்த்ததில் அதுதான் என்னுடைய ஒரே புகார்.

2025 ஜூன் மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய அணிகள் மோதும் புரோ லீக்கின் ஐரோப்பியச் சுற்று, இங்கே குறுவைக்கு வயல் தயாராகும் நேரம். 7-ம் தேதி நெதர்லாந்திடம் 1-2. 9-ம் தேதி மறுபடி அவர்களிடமே 2-3. 11-ல் அர்ஜென்டினாவிடம் 3-4. 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தார்கள், நாம் அர்ஜென்டினாவிடம் 1-2. 14-ல் ஆஸ்திரேலியாவிடம் 2-3. 15-ல் கல்லணையைத் திறந்தார்கள், அன்றைக்கும் ஆஸ்திரேலியா, அன்றைக்கும் 2-3. காவிரி ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது, ஒரு வெற்றி வந்து சேரவில்லை. 21-ல் பெல்ஜியம் 6-3 என்று சாத்திய பிறகு, 22-ல் அதே பெல்ஜியத்தை 4-3 என்று ஜெயித்து ஒருவழியாக மூச்சு விட்டோம். ஒன்பது அணிகளில் எட்டாவது இடம்.

முதல் ஆறு தோல்வியும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்தானே என்று ஃபுல்டன் கட்சிக்காரர்கள் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு எரிச்சலே அந்த ஒரு கோல்தான். 0-5 என்று தோற்றால் பாதியிலேயே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடலாம். இதில் கடைசி வரைக்கும் உட்கார வைத்து, அப்புறம் அடிக்கிறார்கள்.

திருவையாற்றில் எங்கள் டீக்கடை பெஞ்சில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மூன்று பேர், மூன்று போன். ஒரே மேட்ச்தான் என்றாலும் ஒருவர் போனில் ஓடுவது மற்றவர் போனைவிட அரை நிமிடம் முந்திக்கொண்டிருக்கும். எப்போதும் பின்தங்குவது என்னுடையது. அந்த முதல் நெதர்லாந்து மேட்ச். 1-1. என் திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டருகே நம் ஆள் ஸ்டிக்கில் இருக்கிறது, பக்கத்துப் பெஞ்சிலிருந்து "போச்சுடா" என்று சத்தம். அதற்கப்புறம் அந்த அரை நிமிடத்தை நான் பார்த்தே ஆகவேண்டும். இந்தப் பாஸிலா, அடுத்ததிலா, யார் காலில் பட்டு, எந்தப் பக்கமாகப் போகப் போகிறது என்று. 58-வது நிமிடம், கோல். டீ போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்காமலே கேட்டார்: "கடைசியிலயா?" அவர் ஹாக்கியே பார்க்கிறவர் இல்லை.

இதில் கூடுதல் வேதனை, ஃபுல்டன் வரும்போதே கொண்டுவந்த தத்துவம் 'தற்காத்து ஜெயிப்போம்' என்பது. அயர்லாந்தை ரியோ ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோனவர், டோக்கியோவில் தங்கம் வென்ற பெல்ஜியத்தின் உதவிப் பயிற்சியாளர். கோட்டையைக் கட்டத் தெரிந்த ஆள். கட்டவும் செய்தார். அறுபது நிமிடத்தில் ஐம்பத்தைந்து நிமிடத்துக்குக் கோட்டை நிற்கிறது.

சரி, அப்படியானால் மாற்ற வேண்டியதுதானே? இங்கேதான் அரியலூர்க்காரனிடம் நான் ஒத்துப்போக மாட்டேன்.

இந்தக் கடைசி நிமிட வியாதி ஃபுல்டன் கொண்டுவந்தது இல்லை. 2000 சிட்னி ஒலிம்பிக். போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. 1-0 முன்னிலை. முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து சமன் செய்தது, அரையிறுதி போனது. அன்றைக்குப் பயிற்சியாளர் நம்ம பாஸ்கரன், 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன். 2023 ஜனவரி, புவனேஸ்வர் உலகக் கோப்பை. நியூசிலாந்துக்கு எதிராக 2-0 என்று இருந்தோம், 3-1 என்றும் இருந்தோம். கடைசிக் கால் பகுதியில் 3-3 ஆனது, ஷூட் அவுட்டில் அவுட். அப்போது பயிற்சியாளர் கிரஹாம் ரீட். பாரிஸ் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-2 என்று இருந்தபோது 54-வது நிமிடத்தில் வாங்கிய கோல், அது ஃபுல்டன் கணக்கு. பயிற்சியாளர் மாறினார், நாடு மாறியது, மைதானம் மாறியது, அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் மாறவில்லை.

டோக்கியோவைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். 41 வருஷத்துக்குப் பிறகு பதக்கம் வந்ததே, அந்த 5-4 மேட்சில் கடைசி ஆறு விநாடியில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர், அதாவது கோலுக்கு நேராக அடிக்கும் வாய்ப்பு, கொடுத்தது யார்? நாம்தான். ஸ்ரீஜேஷ் தடுத்தார், அதனால் அது வீரக்கதையாகிவிட்டது. தடுக்காமல் விட்டிருந்தால் போலந்து மேட்ச் பக்கத்தில் இன்னொரு வரி.

பம்புசெட் வைத்திருக்கிறவர்களுக்குப் புரியும். ஃபுட்வால்வில் ஓட்டை இருந்தால் நிறுத்திய கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் இறங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் யாராவது குடத்தில் தண்ணீர் ஊற்றி மோட்டாரைக் கிளப்பிக்கொண்டிருந்தால், ஓட்டை இருப்பதே வீட்டில் தெரியாது. ஊற்றிக்கொண்டிருந்தவர் ஸ்ரீஜேஷ். பாரிஸோடு அவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஜூனிலேயே தெரிந்துவிட்டது. நாம் என்னடாவென்றால் மோட்டாரை மாற்று என்கிறோம்.

மோட்டாரை மாற்றாமலா இருந்தோம்? 1998-ல் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக்கொடுத்த கௌஷிக்கைப் பதக்கம் வாங்கிய கையோடு அனுப்பினார்கள். 2002 உலகக் கோப்பையில் செட்ரிக் டிசோசாவைப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே நீக்கினார்கள். அப்புறம் 2013-ல் நாப்ஸ், 2014-ல் வால்ஷ், 2015-ல் வான் ஆஸ், 2017-ல் ஓல்ட்மன்ஸ், 2018-ல் மரைன், 2019 தொடக்கத்தில் ஹரேந்திர சிங். வால்ஷ் தானாகப் போனார், மரைனைப் பெண்கள் அணிக்கு மாற்றினார்கள், மற்றவர்களை அனுப்பினார்கள். அந்த மரைன்தான் டோக்கியோவில் பெண்கள் அணியை நாலாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். ரீடை நாலு வருஷம் நிம்மதியாக விட்டார்கள், பதக்கம் வந்தது. ஃபுல்டனுக்கும் அப்படியே. ஆள் மாற்றுவதில் நமக்கு இருக்கும் அனுபவத்தில் பாதி, ஆளை வைத்துக்கொள்வதில் இல்லை.

பொன்மலைப் பக்கம் ஒரு அண்ணன் இருக்கிறார், ரயில்வேக்கு ஆடியவர். ஜூன் மாதத் தோல்விகளைப் பற்றி அவரிடம் பொருமியபோது கோச்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "முன்னணியில இருக்கும்போது கடைசி அஞ்சு நிமிஷம் பந்தை எதிராளி மூலைக்குக் கொண்டுபோய் ஸ்டிக்குக்கும் கோட்டுக்கும் நடுவுல பூட்டி வெக்கணும் தம்பி. ஃபவுல் வாங்கு, திரும்ப மூலையிலயே ஆடு. நம்ம பயலுவ அப்பவும் அஞ்சாவது கோல் போட ஓடுவானுவ. இல்லாட்டி பதறிப்போய் உசரமா தூக்கி அடிப்பானுவ, அது நேரா அவன் கைக்கே போவும்." அதற்கப்புறம் நானும் கவனித்துப் பார்க்கிறேன். அப்படியேதான். நம் டிஃபென்ஸிலிருந்து தூக்கி அடித்த பந்து அங்கே இறங்குகிறது, இருபது விநாடியில் நம் டி-க்குள், அதாவது கோலுக்கு முன்னாலிருக்கும் வளைவுக்குள், திரும்ப வருகிறது, யார் காலிலோ படுகிறது, அம்பயர் கை நீள்கிறது, பெனால்டி கார்னர்.

இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது கோச் தானே என்று நண்பன் கேட்பான். கேட்கட்டும். நியாயமான கேள்விதான்.

இனி கார்த்தி. அரியலூர்ப் பையன், 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகவே கோல் போட்டு ஆரம்பித்தவன். 2023 ஆகஸ்டில் எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் மலேசியாவை 5-0 என்று அடித்த மேட்சில் முதல் கோல் அவனுடையது. ஹாங்சோ அணியில் அவன் பெயர் இல்லை. ராஜ்கீருக்கு மாற்று ஆள், அதாவது யாருக்காவது காலில் அடிபட்டால் போகலாம். என் நண்பனுக்கு உலக ஹாக்கியில் நடப்பது எல்லாமே இந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான் தெரியும். கொள்ளிடத்துக்கு வடக்கே ஃபுல்டனுக்கு ஒரு ஓட்டுகூட விழாது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் அபிஷேக், மன்தீப், சுக்ஜீத், தில்பிரீத் என்று கோல் போடும் ஆட்கள் வரிசை கட்டி நிற்கும்போது ஊர்ப்பாசத்தை வைத்து கோச்சைத் தூக்கிலேற்ற முடியாது.

ஸ்ரீஜேஷைக் கொண்டுவருவது பற்றி. ஜூனியர் வெண்கல மேட்ச் அருமை, மறுக்கவில்லை. அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, 49-லிருந்து 58-வது நிமிடத்துக்குள் நாலு கோல் போட்டு 4-2. கடைசி நிமிடங்கள் நமக்கு வேலை செய்வதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! ஆனால் அதற்கு முந்தின மேட்சில் அதே அணி ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றதை நண்பன் வசதியாக மறந்துவிட்டான். பெரிய அணியைக் கொடுத்தால் அவரையும் இரண்டு வருஷத்தில் இப்படித்தான் பேசுவோம். அவருக்காவது அந்த அவமானம் வேண்டாம்.

ஃபுல்டன் கொடுத்த சந்தோஷத்தையும் சொல்லாமல் விட்டால் பாவம். ராதாகிருஷ்ணன் மைதானத்தில் அதே 2023-ல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டி. இடைவேளையில் மலேசியா 3-1. நானும் நண்பனும் தொண்டையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் 3-3, 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் அடித்து 4-3. ஊருக்கு ரயிலை விட்டுவிட்டுக் கோயம்பேடு போய் பஸ் ஏறினோம், ஒருவருக்கும் கவலையில்லை. பாரிஸில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று ஜெயித்தது, ஒலிம்பிக்கில் அவர்களை 1972-க்கு அப்புறம் அப்போதுதான். கால் இறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன பிறகு நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்தே பேர் பிரிட்டனை நிறுத்தி, 1-1, ஷூட் அவுட்டில் வெற்றி. அந்த ஒரு நாள் கடைசி ஐந்து நிமிடமும் தாக்குப்பிடித்தது. பதினொரு பேர் இருந்தால்தான் நமக்குப் பிரச்சினையோ என்னவோ.

ஆக, மாற்ற வேண்டாம் என்பதற்கு இத்தனை காரணம் சொல்லிவிட்டேன். ஒன்றையும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் நண்பா, நேற்று ராத்திரி அந்த ஜூன் ஸ்கோர்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தற்காப்புக்கென்றே வந்த மனிதர், இரண்டரை வருஷம், இரண்டு பெரிய பதக்கம், எல்லாம் சரி. மூலையில் பந்தைப் பூட்டி வைக்க ரயில்வே அண்ணன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார். 2026 ஆகஸ்ட் நடுவிலிருந்து 30-ம் தேதி வரை பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் உலகக் கோப்பை. அதுவரை இருக்கட்டும். அங்கே ஒரே ஒரு மேட்சில் 55-க்கு மேல் கோல் வாங்கித் தோற்றாலும், கும்பிட்டு அனுப்பிவிடலாம் என்பதே என் ஓட்டு. செப்டம்பர் 19-ல் ஜப்பானில் ஆசிய விளையாட்டு ஆரம்பம், நடுவில் மூன்று வாரம்கூட இல்லை, அங்கே தங்கம் வாங்கினால் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடி இடம், அந்த நேரத்தில் கோச்சை மாற்றுவது பைத்தியக்காரத்தனம் என்றெல்லாம் எனக்கும் தெரியும்.

கார்த்தியை இந்த இரண்டு போட்டிக்கும் எடுத்தால் என் ஓட்டு மாறுமா என்று நீ கேட்பாய். கோலும் போட்டால் யோசிக்கலாம்.