பொத்தானுக்குக் கீழே ஒன்றுமில்லை

பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கை வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பெட்டி விற்பனையாகிறது. பழைய பெயிண்டை உரிக்கும் திரவம், துருவை நிறுத்தும் அமிலம், அடிப்பூச்சான எபாக்சி பிரைமர், நிறம், கடைசியாக அடிக்கும் நிறமற்ற கிளியர் என எல்லாம் அதற்குள் இருக்கும். ‘அசல் 2கே கிளியர், பெட்ரோல் சிந்தினாலும் அசையாது’ என்று மேலட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 2கே என்றால் ஹார்டனர் என்ற இறுக்கும் பொருளைக் கலந்து அடிக்கும் இருபகுதிப் பூச்சு. எனக்கு வந்த டப்பாவில் இருந்தது 2கே இல்லை. வெறும் அக்ரிலிக் லேக்கர். டேங்கை வண்டியில் ஏற்றி முதல் முறை பெட்ரோல் நிரப்பியபோது மூடியருகே கொஞ்சம் வழிந்தது. துடைப்பதற்குள் அந்த இடம் சுருங்கிப்போனது. துடைத்த துணியில் டேங்கின் மெரூன் நிறம் ஏறி வந்தது.

விற்றவரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் பயனில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன். சரக்கை அடையாளம் காணத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

சாதாரண ஸ்ப்ரே டப்பாவில் வரும் லேக்கர், அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. எது ஆவியாகிப் போனதால் அது இறுகியதோ, அதே வகைக் கரைப்பான் திரும்பப் பட்டால் மீண்டும் இளகும். ஒரு வருடம் கழித்துப் பட்டாலும் இளகும். பெட்ரோலில் டொலுவீனும் சைலீனும் இருக்கின்றன. பெயிண்ட் கடைத் தின்னர்கள் பலவற்றிலும் இருப்பவை அவையே. ஆக, லேக்கர் அடித்த டேங்கில் பெட்ரோல் சிந்துவதும் தின்னர் ஊற்றுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். 2கே என்பது வேறு சங்கதி. அதில் பிசினும் ஹார்டனரும் கலந்ததும் வேதிவினை தொடங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாலியூரித்தேன் படலமாக இறுகிவிடும். அதன்பின் பெட்ரோலால் அதைக் கரைக்க முடியாது.

இந்த இரண்டையும் ஒரே ஸ்ப்ரே டப்பாவில் அடைப்பதற்காக உள்ளே ஒரு சிறு குப்பியில் ஹார்டனரைத் தனியாக வைக்கிறார்கள். டப்பாவின் அடியில் உள்ள ஊசியை, பொத்தான் வைத்து அழுத்தினால் குப்பி உடையும். இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்கிவிட்டு அடிக்கத் தொடங்க வேண்டும். ஒருமுறை உடைத்துவிட்டால் மீதியைச் சேமித்து வைக்க முடியாது. ஓரிரு நாளில் டப்பாவுக்குள்ளேயே கெட்டியாகிவிடும். விலை அதிகமாக இருப்பதும், அடிப்பவர்கள் ஒரே அமர்வில் முடிக்க அவசரப்படுவதும் இதனால்தான்.

என் டப்பாவின் அடியிலும் சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினேன், அமுங்கியது. ‘டக்’ என்று சத்தம்கூட வந்தது. பிற்பாடு கத்தியால் நெம்பி எடுத்துப் பார்த்தால், தட்டையான தகரத்தின்மேல் பசை போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் துண்டு. துளை இல்லை, ஊசி இல்லை. தகரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தச் சத்தம் சரியாக வர வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்! அந்த உழைப்பைச் சரக்கில் காட்டியிருக்கலாம்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் செய்முறைத் தாளில் இருக்கிறது. ‘கிளியர் அடித்தபின் 30 நாள் காயவிடவும். அதற்கு முன் பெட்ரோல் பட்டால் உத்தரவாதம் இல்லை’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. படிக்கும்போது பொறுப்பான அறிவுரை போலவே தோன்றும். சரக்கைத் திருப்பியனுப்பும் கெடுவும் அதே 30 நாள், ஆனால் அது பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. பழைய பெயிண்டை உரித்து, துரு எடுத்து, பட்டி பார்த்து, தேய்த்து, நிறம் அடித்து முடிப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். அதற்கும் மேல் முப்பது நாள் காயவிட்டு, பெட்ரோல் பட்டு, குட்டு வெளிப்படும் நேரத்தில் கெடு எப்போதோ முடிந்திருக்கும். உண்மையான 2கே மறுநாளே கைவைக்கும் அளவுக்கு இறுகிவிடும். மிதமான வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முழு வலுவும் வந்துவிடும். ஆகவே 2கே என்று சொல்லிக்கொண்டே ஒரு மாதம் பெட்ரோலைக் காட்டாதே என்று எந்தத் தாளாவது சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

புகார் எழுதியபோது முதலில் படம் கேட்டார்கள். அனுப்பினேன். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்திருக்கும் என்றார்கள். ஈரப்பதத்தால் கிளியர் பால் போல வெளுக்கும், பெட்ரோலில் கரையாது என்று பதில் எழுதினேன். அடுத்து, பூச்சு தடிமனாகிவிட்டது என்றார்கள். பிறகு மெல்லியதாகிவிட்டது என்றார்கள். இரண்டு பதிலிலும் கையொப்பம் ஒன்றே. பாதி விலையில் இன்னொரு டப்பா தருவதாகவும் சொன்னார்கள், எதற்கென்றுதான் புரியவில்லை.

இதுவரை நடந்தது பண நஷ்டம், உழைப்பு நஷ்டம். அடுத்து வந்த யோசனையைப் படித்தபோதுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். ‘டேங்கைக் கழற்றி, சமையலறை ஓவனில் 200 டிகிரியில் அரைமணி நேரம் வையுங்கள், கிளியர் இறுகிவிடும்’ என்று எழுதியிருந்தார்கள். சற்று முன்புவரை பெட்ரோல் இருந்த டேங்க்! நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்தானது. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும். வடித்துவிட்ட டேங்கின் உள்ளே அந்தக் கலவை உருவாவது வெகு எளிது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தானாக மேலெழுந்து வெளியேறிவிடாது. மடிப்பிலும் துருவின் நுண்துளைகளிலும் ஒளிந்திருப்பது சூடேறும்போது வெளிவரும்.

ஒரு பேச்சுக்கு, டேங்கைப் பலமுறை கழுவி ஆவியே இல்லாமல் செய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பழைய டேங்குகள் சிலவற்றில் குழாய் பொருந்தும் இடத்தையும் ஓட்டைகளையும் ஈயப் பற்றாசு வைத்து அடைத்திருப்பார்கள். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறைகளும் ஏறக்குறைய 200 டிகிரி வரை சூடேற்றுகின்றன. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பழைய டேங்கை அங்கே அனுப்பத் தயங்குகிறார்கள். இந்த விவரம் ஒன்றும் தெரியாமல் ‘வல்லுநர் ஆலோசனை’ என்று தலைப்புப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

சுருங்கிய பூச்சை எடுக்க, உரிக்கும் திரவம் தேவைப்படவே இல்லை. தின்னரில் நனைத்த துணியாலேயே கிளியர் போனது, நிறம் போனது. கூடவே ‘எபாக்சி பிரைமர்’ என்று அச்சிட்டிருந்ததும் சாம்பல் கூழாக வந்து, அடியில் வெறும் உலோகம் தெரிந்தது. இறுகிய எபாக்சி தின்னர்த் துணிக்கு இப்படி மசியாது. ஆக, பெட்டியில் பொய் ஒன்றல்ல. கிளியருக்கு அடியில் பொன்னிறக் கோடுகள் இருந்தன. கோடு இழுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெரியவர், நீண்ட மயிர்த் தூரிகையால், டேப் ஒட்டாமல், மூச்சை அடக்கி இழுத்துக் கொடுத்தவை. அவையும் அதே துணியில் போயின. பெட்டியின் விலையை யாராவது திருப்பித் தந்தாலும் அந்தக் கோடுகளுக்கு யாரிடம் கேட்பது?

செய்முறைத் தாளில் வேறு சில தவறுகளும் உண்டு. பழைய பெயிண்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கச் சொல்கிறது. பழைய வண்டிகளின் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதே சரி. நான் அப்படித்தான் செய்தேன்.

இதே வேலையில் இறங்குபவர்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் டேங்கில் அடிப்பதற்கு முன் ஒரு பழைய தகரத் துண்டில் பிரைமர், நிறம், கிளியர் மூன்றையும் வரிசையாக அடித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பெட்ரோலில் நனைத்த துணியை அதன்மேல் சிறிது நேரம் போட்டு, பிறகு அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். இறுகிய 2கே அசையாது. மீந்த டப்பாவையும் வீசிவிடாதீர்கள். அந்த ஒரு வாரத்துக்குப் பிறகும் அது புத்தம் புதிதாகப் பீய்ச்சியடித்தால் உள்ளே ஹார்டனர் இருந்ததே இல்லை. என் டப்பா இன்றைக்கும் அருமையாக அடிக்கிறது.

எச்சரிக்கை வாசகத்தையும் பாருங்கள். இந்த வகை 2கே டப்பாக்களின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும். அதனால் அதைப் பற்றிய எச்சரிக்கை டப்பாவில் இருந்தே ஆக வேண்டும். என் டப்பாவில் ‘தீயிலிருந்து விலக்கி வைக்கவும்’ என்பது மட்டுமே இருந்தது. ஐசோசயனேட் எச்சரிக்கை இல்லாததையே நல்ல சரக்குக்கு அடையாளமாக விளம்பரத்தில் வேறு சொல்லியிருந்தார்கள், ‘நச்சு இல்லாத 2கே’ என்று. உண்மையான 2கேயை அடிப்பதென்றால் சாதாரணத் தூசி முகமூடி உதவாது. தகுந்த சுவாசக் கவசமும் காற்றை வெளியேற்றும் வசதியும் இல்லாத வீட்டில் அதை அடிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. உரிப்பது, பட்டி பார்ப்பது, தேய்ப்பது எல்லாவற்றையும் வீட்டில் பொறுமையாகச் செய்துகொண்டு, பிரைமரிலிருந்து மேலே உள்ள பூச்சுகளைப் பெயிண்ட் பட்டறையில் கொடுக்கலாம். என் டேங்க் இப்போது அப்படி ஒரு பட்டறையில்தான் இருக்கிறது.

பெயரை எழுதிப் பயனில்லை என்று சொன்னதற்குக் காரணம்: நான் எழுதிய மதிப்புரை இரண்டொரு நாளில் காணாமல் போனது, பிறகு அந்த விற்பனைப் பக்கமே காணாமல் போனது. இப்போது அதே பெட்டி வேறு பெயரில், நீல அட்டையில் வந்திருக்கிறது. படத்திலுள்ள டேங்க் அதே டேங்க். இடது ஓரத்தில் இருக்கும் கீறல்கூட மாறவில்லை. 30 நாள் வாசகமும் அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே வாங்கி இன்னும் அடிக்காமல் வைத்திருப்பவர்கள், டப்பாவின் அடியிலுள்ள பொத்தானை நெம்பிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் திருப்பியனுப்புங்கள்.