வேப்பம் பலகை இறாக்கை: உப்புவெளிக் குசினியில் நான்கு வருஷம்

2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, புரெவிப் புயல் எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் திரியாய், குச்சவெளிப் பக்கம் கரையேறியபோது எங்கள் பின்வளவு வேம்பு சாய்ந்தது. நல்ல காலம், கிணற்றடிப் பக்கமாக விழுந்தது. விறகாக்கிவிடலாம் என்றார் மாமி. எனக்கு மனம் வரவில்லை. அடிமரத்தை அரிவித்து ஒரு அங்குலத் தடிப்பில் பலகை எடுத்தோம். அதில் மூன்று, ஐந்தடி நீளமும் ஒன்பது அங்குல அகலமுமாக, 2021 சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிறகு குசினிச் சுவரில் ஏறின. இவைதான் எங்கள் இறாக்கை, கதவில்லாத திறந்த தட்டுகள்.

பலகையைப் பற்றி முதலில். அரிந்த பலகையை நிழலில், ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே சிறு சட்டம் கொடுத்து, காற்றாட அடுக்கிவைக்கவேண்டும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் என்பது தச்சு வேலைக்காரர் கணக்கு. எங்களுக்கிருந்த பொறுமை நாலரை மாதம்தான். தென்மேற்கிலிருந்து வறண்டு அடிக்கும் கச்சான் காற்றுக்கு, முதல் வருஷத்திலேயே மேல்தட்டு இரண்டு ஓரமும் எழும்பி, தோணி மாதிரிக் குழிந்துவிட்டது. எதை வைத்தாலும் நடுவுக்கு உருண்டு வரும். எலுமிச்சம்பழம் வைக்க வசதி.

மற்றபடி வேம்பைக் குறை சொல்லமாட்டேன். இன்றுவரை கறையான் கிட்டவும் வரவில்லை. இழை குறுக்கும் மறுக்குமாக ஓடுவதால் சீவுளி பிடுங்கிப் பிடுங்கி எடுக்கும். மரத்தில் எண்ணெய்த்தன்மை இருப்பதால் கண்ணாடி மாதிரிப் பளபளப்பும் வராது. வார்னிஷ் பூசி மினுங்கவேண்டும் என்ற ஆசை இருந்தால் வேறு மரம் பாருங்கள்.

இனி, விழுந்த கதை. எங்கள் சுவர் சீமெந்து புளொக் கல், உள்ளே பொள்ளல். நாங்களோ கடையில் வாங்கிய வோல் பிளக்கை, அதாவது திருகாணி பிடிக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழலை, அடித்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு இரும்புத் தாங்கி வைத்து, மட்டம் சரியா என்று மட்டும் பத்துத் தரம் பார்த்தோம். முதல் மாரியில் ஒரு நாள் இரவு, பத்து மணியிருக்கும், குசினியில் ஒரு சத்தம். பூனை என்று நினைத்துப் போனால் நடுத்தட்டின் இடது தாங்கி, சுவர்ப் பூச்சையும் பிடுங்கிக்கொண்டு தொங்குகிறது. ஏழு பீங்கானும் மாமியின் ஊறுகாய்ச் சாடியும் போயின. சாடியைப் பற்றி இன்றும் வீட்டில் பேச்சு உண்டு.

பிளக் பிடித்திருந்தது பூச்சையும் கல்லின் மெல்லிய வெளித்தோலையும்தான். அதற்குப் பின்னால் வெறும் காற்று. ஒரு டசின் பீங்கானை ஒன்றாகத் தூக்கிப் பாருங்கள், அந்தப் பாரம் விளங்கும். இரண்டாம் முறை, சுவரின் மறுபக்கம் பின்வளவு என்பதால், துளையை வெளிவரை கொண்டுபோய் நீளமான போல்ட் போட்டு, வெளியே உள்ளங்கை அளவு இரும்புத் தகடு வைத்து முறுக்கினோம். தகட்டைச் சுற்றி சிலிக்கன் அடைத்தோம், இல்லாவிட்டால் வாடைக்காற்று மழை அந்த ஓட்டை வழியே குசினிக்குள் வந்துவிடும். வெளியே வளவில்லாமல் பக்கத்து வீட்டுச் சுவர் இருப்பவர்கள், அந்த இடத்துக் கல்லை உடைத்து, பொள்ளலுக்குள் கொங்கிரீட் நிரப்பி, இறுகியபின் துளைக்கலாம். ஐந்தடிப் பலகைக்கு நடுவில் மூன்றாவது தாங்கியும் போட்டோம். தாங்கிகளின் இடைவெளி பாதியானால் வளைவு பாதியாவதோடு நிற்காது, எட்டில் ஒரு பங்கைவிடவும் குறைந்துவிடும். இரண்டே தாங்கியில் நின்ற காலத்தில் தட்டின் நடு சிரிப்பது போல வளைந்திருந்ததை நாங்கள்தான் கவனிக்கவில்லை.

கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். வெள்ளி நிறமாக மினுங்கிய திருகாணிகள் ஆறே மாதத்தில் கறள் கட்டி, பலகையில் கண்ணீர் வடிந்த மாதிரிக் கோடு விட்டன. அடுத்து எவர்சில்வர் வாங்கினேன். அதிலும் மெல்லிய தேத்தண்ணிக் கறை படிந்தது. வள்ளம் பழுதுபார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணைதான், “தங்கச்சி, 316 என்று கேட்டு வாங்குங்கோ, 304 கடற்கரைக்கு நிண்டு பிடிக்காது” என்றார். இரண்டும் எவர்சில்வர் வகைகளின் எண். விலை கூடத்தான். மூன்று வருஷமாகத் துடைத்தால் போதும் என்ற நிலையில் இருக்கின்றன.

அலங்காரம் என்று தொடங்கியபோது எனக்கு ஆசை அதிகம். சிரட்டை அகப்பைகள், பனையோலைப் பெட்டி, ஒரே அளவுக் கண்ணாடிப் போத்தல்களில் மிளகாய்த்தூள், மஞ்சள், சீரகம். படம் எடுக்க நன்றாக இருந்தது. யன்னல் வெயில் பட்டு மிளகாய்த்தூள் இரண்டு மாதத்தில் செங்கல் நிறத்துக்கு வெளிறியது. மணமும் போனது. தூள்கள் எல்லாம் இப்போது கதவுள்ள அலுமாரிக்குள். போத்தலில் மணிபிளாண்ட் வைத்தேன். 2017இல் கிண்ணியாவில் டெங்கு படுத்திய பாட்டைப் பார்த்த எவரும் இந்த ஊரில் தேங்கிய தண்ணீரைச் சும்மா விடமாட்டார்கள். கிழமைக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்றவேண்டும், நான் இரண்டு தரம் மறந்தேன், செடி சட்டிக்கு மாறி வாசலுக்குப் போனது. அங்கே ஆடு தின்றது.

தூசியை மறைத்துச் சொல்லமாட்டேன். வைகாசியிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் செம்மண் புழுதி வரும், பொரித்த எண்ணெய் ஆவியோடு சேர்ந்து பிசினாகிவிடும். அடுப்புக்கு நேர்மேலே தட்டு வைக்கவே வேண்டாம். எங்களுடையது அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி, அதுவே போதவில்லை. தினம் எடுக்கும் கோப்பையிலும் பீங்கானிலும் தூசி தங்குவதில்லை, கழுவிக் கழுவி வைக்கிறோமே. அழகுக்கு வைத்ததுதான் ஒட்டும். ஆகவே கீழ்த்தட்டும் நடுத்தட்டும் தினப்பாவனைக்கு, புட்டுக்குழல், நீத்துப்பெட்டி உட்பட. மேல்தட்டில் பனையோலைப் பெட்டி ஒன்றும் எலுமிச்சம்பழமும் மட்டும்.

திரும்பச் செய்தால் இரண்டு தட்டோடு நிறுத்துவேன். “கடைத்தெரு மாதிரி எல்லாம் வெளியில கிடக்கு” என்று முதல் மாதம் முழுக்கச் சொன்ன மாமி, இப்போது கண் சரியாகத் தெரியாத நேரத்திலும் தன் கோப்பையைத் தடவாமல் எடுக்கிறார். சாடிக்கு மட்டும் இன்னும் மன்னிப்பில்லை.

வரும் கச்சானுக்கு முன் மேல்தட்டைக் கழற்றிப் புரட்டிப் போட யோசனை. குழிவு கீழே போய்விடும். எலுமிச்சம்பழத்துக்கு வேறு இடம் பார்க்கவேண்டும்.