பன்னிரண்டு குழி இரும்புச் சட்டியும் எண்ணெய் குறைத்த வடையும்

எழுபது வயதைத் தாண்டிய என் அப்பாவிடம் எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைத்துக்கொள்ளுமாறு மருத்துவர் கூறியபோது, "குறைத்துக்கொள்ளுங்கள்" என்றுதான் சொன்னார், "நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லவில்லை என்பதை அப்பா வீடு திரும்பும் வழியெல்லாம் எங்களுக்கு நினைவூட்டிக்கொண்டே வந்தார். மழை பெய்யும் மாலையில் நாலு வடையும் ஒரு டம்ளர் காப்பியும் இல்லாமல் அவரால் இருக்க முடியாது என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்த செய்தி. அந்த நாலு வடைக்கு ஒரு மாற்று தேடப் போய்த்தான் இந்த வார்ப்பிரும்புப் பணியாரச் சட்டி எங்கள் அடுப்படிக்கு வந்தது. ஆடியில் வாங்கி, மார்கழி வரை வாரத்துக்கு இரண்டு முறையாவது அடுப்பில் ஏற்றியிருக்கிறேன் என்பதால், அதைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகச் சொல்ல இப்போது எனக்குப் போதுமான விவரம் இருக்கிறது.

சட்டிக்கு முன்பே இரண்டு முயற்சிகள் தோற்றிருந்தன. முதலாவது, அக்கா வீட்டிலிருந்து இரவல் வாங்கிய ஏர் ஃப்ரையர். பெயரில் பொரிப்பு இருந்தாலும் அது உண்மையில் மேலே சூடேற்றும் கம்பியும் அதன் மேல் விசிறியும் கொண்ட ஒரு சின்ன அடுமனை அடுப்புதான். கோலா உருண்டை, கட்லெட், வேகவைத்துப் பிசறிய சேப்பங்கிழங்கு போன்று ஏற்கெனவே உருவம் பெற்ற பண்டங்களை அது நன்றாகவே மொறுமொறுப்பாக்கித் தந்தது. ஆனால் வடை மாவை இட்டபோது, கொதிக்கும் எண்ணெய் ஒரு நொடியில் செய்யும் வேலையைச் சூடான காற்றால் செய்ய முடியவில்லை. மேல்தோல் இறுகுவதற்குள் மாவு கூடையின் துளைகள் வழியாக இறங்கிவிட்டது. அடியில் தாள் விரித்துச் சுட்ட இரண்டாவது ஈடு, வெளியே வறண்டும் உள்ளே பிசுபிசுத்தும், ரொட்டிக்கும் வடைக்கும் நடுவில் எங்கேயோ நின்றது.

இரண்டாவது முயற்சி, இணையத்தில் வாங்கிய நான்ஸ்டிக் பணியாரச் சட்டி. மூன்றே மாதத்தில் நடுக்குழியின் பூச்சு உரியத் தொடங்கியது. நிறுவனத்திடம் முறையிட்டபோது, நான் எஃகுக் கம்பியால் திருப்பியிருப்பேன் என்று அவர்களாகவே முடிவுகட்டிக் கடிதத்தை முடித்துக்கொண்டார்கள். நான் பயன்படுத்தியது அவர்கள் சட்டியோடு அனுப்பிய மரக்குச்சியைத்தான். அந்தப் பூச்சு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும் என்பதாலும், வெறுஞ்சட்டியை அடுப்பில் மறந்துவிடும் பழக்கம் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்காவது உண்டு என்பதாலும், மறுபடியும் அந்த வகையை வாங்க மனம் வரவில்லை.

இரும்புச் சட்டியைத் திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக்கடையில் வாங்கினேன். பன்னிரண்டு குழி, 2 கிலோ 900 கிராம், விலை 1100 ரூபாய். கடைக்காரர் ஒரு கரண்டிக் காம்பால் சட்டியைத் தட்டிக் காட்டினார். விரிசல் இல்லாத வார்ப்பு மணிபோல் ஒலிக்கும், விரிசல் இருந்தால் சத்தம் சட்டென்று செத்துவிடும். அதைவிட முக்கியமான ஒரு சோதனையை அவர் சொல்லாமல் நானே கற்றுக்கொண்டேன்: ஒவ்வொரு குழிக்குள்ளும் விரலை விட்டு ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். முதலில் எடுத்த சட்டியில் இரண்டு குழிகளின் அடியில் மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பு இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்து வேறொன்றை எடுத்தேன். அந்தச் சொரசொரப்பில்தான் மாவு பிடித்துக்கொள்ளும்.

பழக்கிய சட்டி என்று கடையில் விற்பதைப் பாதி அளவுக்கே நம்பலாம். மூன்று நாள் சோறு வடித்த கஞ்சியை நாள்தோறும் மாற்றி ஊற்றி ஊறவைத்து, நாலாம் நாள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரம் முழுதும் போக அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் தடவிச் சிறு தீயில் புகைய விட்டு, ஆறியதும் துடைத்து மறுபடியும் தடவினேன். அதன் பிறகு ஒவ்வொரு குழியிலும் நறுக்கிய வெங்காயத்தை வதக்கிக் கொட்டினேன். இத்தனைக்குப் பிறகும் முதல் ஈட்டில் பன்னிரண்டுக்கு ஏழு பணியாரம் அடி பிய்ந்துதான் வந்தது. நாலாவது வாரத்தில் குச்சியின் நுனி பட்டதுமே பணியாரம் தானாகச் சுழலத் தொடங்கியது; அதுவரை பொறுத்திருக்க முடியாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

இனி வடைக்கு வருகிறேன். 200 கிராம் உருட்டு உளுந்தை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாமல், குளிர்ந்த நீரைக் கைப்பிடி கைப்பிடியாகத் தெளித்து அரைக்க வேண்டும். தண்ணீர் கூடிய மாவு வாணலியில் எண்ணெயைக் குடிக்கும் என்பதை எல்லாரும் அறிவோம். இந்தச் சட்டியில் அது எண்ணெயைக் குடிக்காது, ஆனால் ஆறியதும் அமுங்கிக் குழிவிழுந்துபோகும். ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மிதக்கும் மாவோடு ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, மிளகு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை சேர்த்தால் எங்கள் சட்டிக்குச் சரியாக இரண்டு ஈடு வருகிறது. சோடா உப்பு தேவையே இல்லை. கிரைண்டரில் அரைத்த மாவுக்கும் மிக்ஸியில் அரைத்த மாவுக்கும் உள்ள வேறுபாட்டை வாணலியின் எண்ணெய் ஓரளவு மறைத்துவிடும். இந்தச் சட்டி மறைப்பதில்லை.

எண்ணெயின் அளவில்தான் எனக்கு ஒரு சிறிய அதிர்ச்சி காத்திருந்தது. "துளி எண்ணெய் போதும்" என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி, பழக்கத்தில் குழிக்கு அரைத் தேக்கரண்டி விட்டுக்கொண்டிருந்தேன். அரைத் தேக்கரண்டி என்பது 2.5 மில்லிலிட்டர், பன்னிரண்டு குழிக்கு 30 மில்லிலிட்டர், அதாவது முழுதாக இரண்டு மேசைக்கரண்டி. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் சிறுசிறு வடையாகப் பன்னிரண்டை வாணலியிலும், மறுபாதியில் பன்னிரண்டைச் சட்டியிலும் சுட்டுப் பார்த்தேன். வாணலியில் ஊற்றிய 400 கிராம் எண்ணெயில், பொரித்து ஆறிய பிறகு எஞ்சியது 358 கிராம். தெறித்தது, கரண்டியில் ஒட்டியது போக, 42 கிராமில் பெரும்பகுதி வடைக்குள் போயிருக்க வேண்டும். சட்டியில் குழிக்குக் கால் தேக்கரண்டி வீதம் விட்டபோது செலவானது 14 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்று வைத்துக்கொண்டால், முன்னதில் எண்ணெயால் மட்டும் 378 கலோரி, பின்னதில் 126. மூன்றில் ஒரு பங்கு என்பது நல்ல லாபம்தான். ஆனால் கை தாராளமாகி அரைத் தேக்கரண்டி ஆகிவிட்டால், அந்த லாபத்தில் பாதி காணாமல் போய்விடும். அதனால் சட்டியோடு சேர்த்து ஓர் அளவுக் கரண்டியும் வாங்கிவிடுங்கள் என்பேன்.

சுடும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாவை விட்டதும் சுர்ரென்ற ஓசை அடங்கி, விளிம்பைச் சுற்றிப் பொன்னிறத்தில் ஒரு நூல் தெரிய ஆரம்பிக்கும்போது மரக்குச்சியை ஓரமாக நுழைத்துக் கால் சுற்று மட்டும் திருப்ப வேண்டும். அப்போது மேலிருக்கும் வேகாத மாவு வழிந்து குழியின் அடியில் இறங்கி, அடுத்த திருப்பலில் முழு உருண்டையாகிவிடுகிறது. ஒரேயடியாகக் கவிழ்த்தால் தொப்பி வைத்ததுபோல் ஒரு விளிம்பு நின்றுவிடும். மூடியை முதல் இரண்டு நிமிடத்துக்கு மட்டுமே வைக்கிறேன், அதனால் உள்மாவு வேகிறது. திருப்பிய பின்னும் மூடினால் நீராவி இறங்கி, பாடுபட்டு வந்த மொறுமொறுப்பை நனைத்துவிடும். ஓர் ஈட்டுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது. வாணலியில் அதே அளவு வடை நாலு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுவைக்கு வருவோம். அம்மா முதல் வாயிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "நல்லாருக்குப்பா, ஆனா இத வடைன்னு சொல்லாத." அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். எண்ணெயில் முழுகிய வடையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் நீர் கொதித்து வெளியேறுவதால் கிடைக்கும் அந்த மெல்லிய, நொறுங்கும் தோல் இதில் கிடைக்காது. குழியின் சுவர் தொடும் இடம் மட்டும் சிவந்து, கெட்டியான ஓடுபோல் ஆகிறது. நடுவில் துளை இல்லாததால் உள்ளே பஞ்சு கூடுதல். சூடாகத் தேங்காய்ச் சட்டினியுடன் தின்னும்போது இது ஒரு நல்ல போண்டா, சுமாரான வடை.

ஆனால் அதே உருண்டையைச் சாம்பாரில் போட்டுப் பாருங்கள். பொரித்த வடையின் மொறுமொறுப்பு எப்படியும் சாம்பாரில் கரைந்துபோகிற ஒன்றுதானே. சட்டியில் சுட்ட வடை எண்ணெய்ப் படலம் இல்லாததால் சாம்பாரை வேகமாக இழுத்துக்கொள்கிறது, கால் மணி நேரத்தில் நடுவரை ஊறிவிடுகிறது, கிண்ணத்தின் மேல் எண்ணெய் மிதப்பதும் இல்லை. தயிர் வடைக்கு இன்னும் பொருத்தம்: சுட்டதும் வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டுப் பிழிந்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் தேங்காயும் அரைத்துக் கலந்த தயிரில் ஊறவைத்தால், எங்கள் வீட்டில் எது வாணலி வடை, எது சட்டி வடை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை, அப்பா இரண்டு முறை தவறாகச் சொன்னார். வாழைப்பூக் கோலா, மட்டன் கோலா இரண்டும் இந்தச் சட்டியில் மிக நன்றாக வருகின்றன, ஏனென்றால் உருண்டையின் வடிவத்தைக் குழியே தாங்கிக்கொள்வதால் பொட்டுக்கடலை மாவைக் குறைத்துப் போட முடிகிறது.

தோற்றவை எவை என்றும் சொல்ல வேண்டும். பருப்பு வடை இதில் உள்ளே வறண்டு, தொண்டையில் நிற்கிறது. பஜ்ஜிக்கு இதில் இடமே இல்லை. செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரத்தைச் சட்டியில் ஊற்றிப் பார்த்து வெட்கப்பட்டேன். பச்சரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்து எண்ணெயில் ஊற்றி எடுக்கும் அந்தப் பலகாரம், மாவுப் பதம் சரியாக இருந்தால் எண்ணெயை மிகக் குறைவாகவே ஏற்கும். அதைத் திருத்தப் போனது தேவையில்லாத வேலை, வாணலிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கலோரிக் கணக்கை விட நான் பெரிதாக மதிக்கும் ஆதாயம் வேறொன்று. வடை சுட்ட மறுநாள் அடுப்படியில் ஒரு கிண்ணம் பழைய எண்ணெய் மிச்சம் இருப்பதில்லை. கொட்ட மனமில்லாமல் தாளிக்க ஒரு கரண்டி, அப்பளத்துக்கு ஒரு கரண்டி என்று அது ஒரு வாரம் வரை வீட்டில் உலவிக்கொண்டிருக்கும். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் சேரும் முனைவுறு சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் உணவகங்களுக்கு விதி வைத்திருக்கிறது. வீட்டுக் கிண்ணத்தை அளந்து பார்க்க யாரும் வரப்போவதில்லை. வாங்கும் கடலை எண்ணெய் இப்போது எங்களுக்கு மாதம் ஒரு லிட்டர் குறைந்திருக்கிறது.

சட்டியின் குறைகளில் முதலாவது எடை. இரண்டு கைப்பிடியும் இரும்பே என்பதால் கனத்த துணி இல்லாமல் தொட முடியாது, மணிக்கட்டு வலி உள்ள அம்மாவால் இதை இறக்க முடிவதில்லை. இரண்டாவது, சூடு சமமாகப் பரவாதது. வீட்டு அடுப்பின் பர்னர் சிறியது. நடுவிலுள்ள குழிகள் சிவந்து கருகும்போது வெளிவட்டத்தில் இருப்பவை வெளுத்துக் கிடக்கின்றன. மூன்று நிமிடம் சிறு தீயில் முன்கூட்டியே காயவைத்தும், இடையில் சட்டியைக் கால் வட்டம் திருப்பிவைத்தும் ஓரளவு சமாளிக்கிறேன், முழுதாகத் தீரவில்லை. அடி தட்டையாக இல்லாததால் இண்டக்‌ஷன் அடுப்பில் இது உட்காராது. நன்றாகப் புளித்த மாவை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஊற்றினால் பழக்கிய கருமை வெளுத்துவிடுகிறது, மறுபடி எண்ணெய் தடவிப் புகையவிட வேண்டியிருக்கிறது. சோப்பு போட்டு ஊறவைத்தால் துரு நிச்சயம், எங்கள் வீட்டில் ஒருமுறை நடந்தும் விட்டது.

மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏழு குழிச் சட்டியே போதும். பர்னருக்குள் அடங்கும், ஒரு கையால் தூக்கலாம், விலையும் குறையும். மறுபடி வாங்குவதாக இருந்தால் நான் அதைத்தான் வாங்குவேன். பன்னிரண்டு குழியை ஞாயிற்றுக்கிழமைக் கோலா உருண்டைக்கும், தயிர் வடைக்கும், விருந்தாளி வரும் நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம். வாணலியை நாங்கள் பரணில் ஏற்றவில்லை. தீபாவளியன்று காலை அப்பாவுக்கு இலையில் இரண்டு உண்மையான வடை, துளையோடு, எண்ணெயிலிருந்து நேராக எடுத்து வைத்தோம். மருத்துவர் சொன்ன சொல்லை அவர் அன்றும் எங்களுக்கு ஒருமுறை நினைவூட்டினார்.