லித்தியம் பற்றரியோடு நான்கு கோடை

போன கிழமை மனைவியின் தம்பி ஒரு 12 அடி அலுமினிய வள்ளம் வாங்கினான். 55 பவுண்ட் தள்ளுவிசையுள்ள மின்மோட்டாரும் வாங்கிவிட்டான். பற்றரி மட்டும்தான் பாக்கி. "அத்தான், உங்களுடையதையே நானும் வாங்கட்டுமா? விலை பாதிக்குக் கீழே வந்துவிட்டது" என்று கைப்பேசியை நீட்டினான். 2021 வசந்தத்தில் வரியோடு 1,000 டொலர் கொடுத்து நான் வாங்கிய அதே 100 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி, இப்போது 400 டொலருக்குக் கிடக்கிறது. வயிறு எரிந்ததை மறைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

என் வள்ளம் 14 அடி. கனடாவின் ஸ்காபரோவிலிருந்து இழுத்துக்கொண்டு போய், பீட்டர்பரோவுக்குத் தெற்கே உள்ள ரைஸ் ஏரியில் இறக்குவேன். காட்டு அரிசியால் வந்த பெயர். ஆனால் கோடையில் என் மோட்டாருக்குச் சிக்குவதெல்லாம் நீர்க்களைதான். ஊரில் சாதாளை என்போமே, அந்தச் சாதி. விசிறியில் அது சுற்றிக்கொண்டால் வேகம் குறையும், இழுக்கும் மின்சாரம் கூடும். இதைப் பிறகு சொல்கிறேன்.

லித்தியத்துக்கு முன் மூன்று கோடை ஈய அமிலப் பற்றரியோடு மாரடித்தேன். 27 கிலோ. துறையின் சிமெந்துச் சரிவில் பாசி வழுக்கும். பற்றரியின் நைலோன் வார் நான்கு விரலையும் சேர்த்து அறுக்கும். ஒரு கையால் வள்ளத்தைப் பிடித்து மறு கையால் அதை உள்ளே வைக்க வேண்டும். அமிலம் பட்ட கால்சட்டை அன்றைக்கு ஒன்றும் காட்டாது. துவைத்து எடுத்தால்தான் தொடையில் வரிசையாக ஓட்டை தெரியும். அப்படி இரண்டு கால்சட்டை போயின.

சரி, 100 அம்பியர்-மணி என்று அதன் மேலும் எழுதியிருக்குமே? அது 5 அம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக இழுத்து அளந்த கணக்கு. முழு வேகத்தில் என் மோட்டார் 50 அம்பியர் இழுக்கும். அப்படி இழுத்தால் ஈயப் பற்றரி 60 சொச்சம் தந்தாலே பெரிது. இரண்டு மணி நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டவன் ஒரு மணி நேரத்திலேயே கரையைத் தேடத் தொடங்குவான். அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுளும் குறையும். கடைசிப் பற்றரியைக் கொன்ற பழி மட்டும் என்னுடையது. ஒக்டோபரில் ஓட்டம் முடிந்ததும் சார்ஜ் செய்யாமல் கராஜில் போட்டுவிட்டேன். இறங்கிய பற்றரிக்குள் இருப்பது ஏறக்குறைய வெறும் தண்ணீர். ஜனவரிக் குளிரில் உறைந்து, பக்கச் சுவர் பிதுங்கி நின்றது.

லித்தியம் பற்றரி பன்னிரண்டு கிலோவும் இல்லை. முதல் நாள் ஒரு கையால் தூக்கியபோது, உள்ளே ஏதாவது வைத்திருக்கிறார்களா என்றே சந்தேகப்பட்டேன். பாரம் குறைவு என்பதால் பின்பக்கம் வைக்காமல் முன் இருக்கைக்குக் கீழே தள்ளினேன். வள்ளம் மூக்கைத் தூக்காமல் மட்டமாக நின்றது. முழு வேகத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும். மெதுவாக ஊர்ந்தால் 10 அம்பியரும் போவதில்லை. காலையில் இறங்கி மாலை வரை பாஸ் மீன் பிடிக்கலாம். முதல் நிமிடத்தில் இருந்த வேகம் கடைசி நிமிடத்திலும் இருக்கும். நான்கு கோடையில் தேய்ந்ததாகத் தெரியவில்லை. பழைய சார்ஜரை ஒதுக்கிவிட்டு லித்தியத்துக்கு உரியதை வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கடைசி நிமிடம் வரை அதே வேகம் என்றேன். என் கோபமும் அதன்மேல்தான்.

ஈயப் பற்றரி களைத்தால் சொல்லிவிடும். மோட்டாரின் சுருதி இறங்குவதைக் காது பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் வள்ளத்தைத் திருப்பலாம், ஊர்ந்தாவது கரை சேரலாம். லித்தியம் சொல்லாது. மோட்டாரின் தலையில் பற்றரி அளவைக் காட்ட நான்கு விளக்குகள் உண்டு. அவை ஈயத்துக்காக வைத்தவை: 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. லித்தியமோ ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும்போதும் 13 வோல்டில் அசையாமல் நிற்கும். எனவே விளக்குகளுக்கு அது எப்போதும் நிறைவுதான்.

இரண்டாவது கோடையில் ஒரு பின்னேரம், மகனோடு போயிருந்தேன். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. களைக்குள் மாட்டி மாட்டி வந்ததில் பற்றரி நான் நினைத்ததைவிட வேகமாக இறங்கியிருக்கிறது. காற்று மேற்கிலிருந்து எழுந்தது. ஏரி ஆழமில்லாதது; கொஞ்சம் காற்றடித்தாலும் குட்டி அலைகள் வரிசை கட்டும். "எவ்வளவு இருக்கிறது, பார்" என்றேன். பொத்தானை அழுத்திப் பார்த்தான். "நாலும் பச்சை, அப்பா."

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, மோட்டார் நின்றது. முனகல் இல்லை, தயக்கம் இல்லை. பற்றரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன் கலங்களைக் காப்பாற்றிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் இரண்டு விளக்கு எரிந்தது. கைப்பிடியைத் திருப்பியதும் அணைந்தது. இவ்வளவு சிறிய வள்ளத்தில் ஒரு துடுப்பாவது, 15 மீற்றர் கயிறு கட்டிய நங்கூரமாவது இருக்க வேண்டும் என்று கனடாவில் சட்டம் உண்டு. சட்டத்துக்குப் பயந்து வைத்த ஒற்றைத் துடுப்பால் ஒன்றரை மணி நேரம் எதிர்க்காற்றில் வலித்தேன். பையன் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு 50 டொலருக்கு ஒரு பற்றரி மீற்றர் வாங்கி எதிர்முனைக் கம்பியில் பூட்டினேன். போகிற வருகிற மின்சாரத்தை எண்ணி, எத்தனை சதவீதம் மிச்சம் என்று சொல்லும். சொல்லும்தான், ஆனால் வெயிலில் அதன் திரை தெரியாது. தொப்பியைக் கழற்றி நிழல் பிடித்து வாசிக்க வேண்டும். இடைக்கிடை முழுமையாகச் சார்ஜ் செய்து கணக்கைத் திருத்தாவிட்டால் அதுவும் பொய் சொல்லத் தொடங்கும். இப்போது வரும் பற்றரிகள் சிலவற்றில் புளூடூத் இருக்கிறது. மீன் பிசுக்குக் கையோடு கைப்பேசியைத் தடவ விரும்புகிறவர்கள் வாங்கலாம்.

குளிரையும் சொல்ல வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்தால் கலங்கள் உள்ளே கெட்டுப்போகும். புதியவை குளிரில் தாங்களாகவே மறுத்துவிடும்; என்னுடையதற்கு அந்தப் புத்தி இல்லை. ஆகவே நவம்பர் முதல் அது நிலவறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றி மனைவிக்குச் சொந்தமாக ஒரு விமர்சனம் உண்டு.

நியாயமாகக் கூட்டிப் பார்த்தால் முதுகு, வேகம், ஆயுள் எல்லாம் லித்தியத்தின் பக்கம். 400 டொலருக்கு இரண்டாம் யோசனையே தேவையில்லை. இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு மனைவியின் தம்பியைக் கூப்பிட்டு, "ஈயப் பற்றரியே வாங்கு" என்றேன். "ஏன் அத்தான்?" என்றான். அந்த நாலு பச்சை விளக்கு கண்ணுக்குள் நின்றது. "அது பொய் சொல்லாது" என்றேன். "அப்படியானால் உங்கள் லித்தியத்தை எனக்கு 200க்குத் தாருங்கள்" என்றான். தர முடியாது என்றேன்.

சனிக்கிழமை அவன் லித்தியமே வாங்கிவிட்டான். நேற்று வந்து துடுப்பு ஒன்று இரவல் கேட்டான். இப்போது என்னிடம் இரண்டு இருப்பதால் கொடுத்தேன். மீற்றரையும் கேட்டான். அதைக் கொடுக்கவில்லை.